ஆவடியிலிருந்து 45 கி.மீ. தூரத்தில் ஆதிமனிதர் வந்துபோன மலை... குடியம் கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

"நாளைக்கு எங்கயாவது மலைக்குப் போலாமா?" ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் இருக்கிற ஃப்ரெண்ட்ஸ் குரூப்பில் சனிக்கிழமை ராத்திரி இப்படி ஒரு மெசேஜ் விழுந்தால், அடுத்து வரும் பதில்களை நீங்களே சொல்லிடுவீங்க. ஒருத்தர் ஏலகிரி என்பார். "அவ்ளோ தூரம் வண்டி ஓட்ட முடியாதுப்பா" என்று இன்னொருத்தர் ஜகா வாங்குவார். மூணாவது ஆள் நாகலாபுரம், தடா என்று ரீல்ஸ் லிங்க்கா தட்டிவிடுவார். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் பிரியாணிக் கடையில் உட்கார்ந்திருப்பீங்க.

இந்த லிஸ்ட்டில் குடியம் என்ற பேர் அபூர்வமாகத்தான் வரும். இத்தனைக்கும் அது நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆவடியிலிருந்து திருவள்ளூர், பூண்டி வழியாகப் போனால் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். எல்லை தாண்ட வேண்டாம், ராத்திரி தங்க வேண்டாம். காலையில் கிளம்பினால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம்.

முதலிலேயே ஒண்ணு சொல்லிடறேன். குடியத்தில் ஊட்டியைத் தேடினால் ஏமாந்துபோவீங்க. பனிமூட்டம், தேயிலைத் தோட்டம், ஹேர்பின் வளைவு எதுவும் இங்கே கிடையாது. அல்லிக்குழி மலை என்று சொல்லப்படும் இந்தத் தொடரின் உயரம் 400 மீட்டரைத் தாண்டாது. சுற்றிலும் முள் புதர்க்காடு, செம்மண், காலில் இடறும் கூழாங்கல். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் எல்லாம் பச்சையாக இருக்கும். கோடையில் போனால் காய்ந்த குச்சிகளைத்தான் பார்ப்பீங்க. அப்புறம் ஏன் போகணும்? அந்த மலையின் வயித்துக்குள்ளே இருக்கிற பாறை ஒதுக்கிடத்துக்காக. அங்கே யார் வந்துபோனாங்க என்ற கதைக்காக.

சுவரில் கூழாங்கல்

'குகை' என்று எல்லோரும் சொன்னாலும், இருட்டுச் சுரங்கம் மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருக்கும் இடம் இல்லை இது. மலைச்சரிவில் பிரமாண்டமான கூரை ஒண்ணு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அடியில் ஒரு கூட்டமே உட்காரலாம். வெயிலில் நடந்து வந்து அந்த நிழலுக்குள் காலை வைக்கும்போது உடம்பு சில்லென்று ஆகும். ஏசி எல்லாம் தோத்துடும்.

உள்ளே போனதும் செல்ஃபி எடுக்கிற அவசரத்தில் ஒரு விஷயத்தைத் தவறவிட்டுடாதீங்க. சுவரைக் கிட்டே போய்ப் பாருங்க. முழுக்க முழுக்க உருண்டையான கூழாங்கற்கள், சிமென்ட் கலவையில் யாரோ பதித்துவைத்த மாதிரி இருக்கும். கூழாங்கல் எப்படி உருண்டையாகும்? தண்ணீர் உருட்டினால்தான் ஆகும். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், டைனோசர்கள் உலவிய கிரிட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியில், ஆறுகள் அடித்துவந்து குவித்த கற்கள் இவை. மணலோடும் களிமண்ணோடும் சேர்ந்து இறுகிப் பாறையாகி, பிறகு மேலே எழும்பி, இன்றைக்கு உங்கள் தலைக்கு மேல் கூரையாக நிற்கின்றன. அதாவது, நீங்க நிற்கிற இடமே ஒரு காலத்தில் ஆறு கொண்டுவந்து கொட்டிய ஜல்லிக் குவியல்!

இந்தக் கூழாங்கற்களில் பெரும்பாலானவை குவார்ட்சைட் வகை. ரொம்பக் கடினமானவை, ஆனால் சரியான இடத்தில் தட்டினால் பிளேடு மாதிரி விளிம்போடு உடையும். மலையிலிருந்து உதிர்ந்து ஓடைகளில் உருண்டு வந்த இந்தக் கற்கள்தான் இந்தப் பகுதியில் வாழ்ந்த ஆதிமனிதர்களுக்கு ஹார்டுவேர் கடை. கத்தி, கோடரி, சுரண்டி எல்லாமே இதிலிருந்துதான்.

பல்லாவரத்தில் ஆரம்பித்த கதை

1863, மே 30. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஆமாங்க, நம்ம சந்தை நடக்கிற அதே பல்லாவரம்தான். பார்க்கிறவங்களுக்கு அது சாதாரணக் கல். மனிதக் கை வேண்டுமென்றே செதுக்கிய கருவி அது என்று அவர் புரிந்துகொண்டார். இந்தியாவில் மனிதர்கள் எவ்வளவு பழையவர்கள் என்ற கேள்வியே அந்தக் கல்லிலிருந்துதான் ஆரம்பித்தது.

அதே ஆண்டு செப்டம்பர் மாதம், ஃபூட்டும் அவருடைய சக ஊழியர் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றின் கிளை ஓடை ஒன்றின் ஓரம் இருக்கும் அதிரம்பாக்கத்துக்கு வந்தார்கள். அங்கே கைக்கோடரிகள் கொட்டிக் கிடந்தன. கோடரி என்றதும் காம்பு வெச்ச கோடரியை நினைக்காதீங்க. உள்ளங்கையில் பிடிக்கிற அளவில், கண்ணீர்த் துளி வடிவத்தில் இருபுறமும் செதுக்கிய கல். உலகத் தொல்லியல் புத்தகங்களில் 'மெட்ராஸ் கைக்கோடரி' என்றே பேர் வாங்கிய சரக்கு இது. மெட்ராஸ் பேரில் கைலி மட்டும்தான் உலகம் சுற்றியது என்று நினைத்துக்கொண்டிருந்தால், இந்தக் கல்லும் சுற்றியிருக்கிறது.

பெரிய அதிர்ச்சி 2011-ல் வந்தது. சென்னையைச் சேர்ந்த தொல்லியலாளர் சாந்தி பப்புவும் குழுவினரும் அதிரம்பாக்கத்தில் பல ஆண்டுகள் அகழாய்வு செய்து, ஆழத்தில் கிடைத்த கைக்கோடரிகளின் வயதைக் கணித்தார்கள். 'சயின்ஸ்' இதழில் வெளியான அந்த ஆய்வு சொன்ன வயது, சுமார் 15 லட்சம் ஆண்டுகள். எப்படிக் கணித்தார்கள் என்பதும் சுவாரஸ்யம்தான். வெட்டவெளியில் கிடக்கும் கல்லின் மீது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் படும்போது, அதற்குள் சிலவகை அணுக்கள் உருவாகும். மண்ணுக்குள் புதைந்ததும் புதிதாக உருவாவது ஏறக்குறைய நின்றுபோய், இருப்பவை மெல்ல மெல்லக் குறையும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தால் எவ்வளவு காலம் புதைந்திருந்தது என்பது தெரிந்துவிடும். மண்ணில் பதிவாகிற பூமியின் காந்தத் திசையையும் சேர்த்துச் சரிபார்த்தார்கள்.

15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் நம்ம இனமான ஹோமோ சேப்பியன்ஸே உலகத்தில் இல்லை. நமக்குத் தெரிந்த சேப்பியன்ஸ் எலும்புகளுக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். அப்படின்னா அதிரம்பாக்கத்தில் கல்லைச் செதுக்கியது நமக்கு முந்திய வேறொரு மனித இனம். அவர்களுடைய எலும்பு இதுவரை அங்கே கிடைக்கவில்லை. விட்டுச்சென்றது கருவிகளை மட்டும்தான்.

கதை அதோடும் முடியவில்லை. 2018-ல் அதே குழு 'நேச்சர்' இதழில் இன்னொரு கட்டுரை எழுதியது. பெரிய கைக்கோடரியை விட்டுவிட்டு, சிறிய, நுட்பமான கருவிகளுக்கு மாறியது இங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது என்றது அது. இந்த நுட்பம் ஆப்பிரிக்காவிலிருந்து வெகு பின்னால்தான் இந்தியாவுக்கு வந்தது என்று பேசிக்கொண்டிருந்தவர்களை மறுபடியும் யோசிக்கவைத்தது கொசஸ்தலையாற்றங்கரை.

சரி, இதில் குடியம் எங்கே வருகிறது? அதிரம்பாக்கம் திறந்தவெளி. குடியமோ அதே சுற்றுவட்டாரத்தில் கூரை உள்ள இடம். 1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் துறையின் கே.டி.பானர்ஜி இங்கே அகழாய்வு செய்தார். பல காலகட்டங்களைச் சேர்ந்த கற்கருவிகள் கிடைத்தன. ஆனால், நிரந்தரமாகக் குடியிருந்த இடத்தில் கிடைக்கிற மாதிரி அடர்த்தியாக இல்லை. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி, வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிப்போன இடமாக இருந்திருக்கலாம். குகை என்றதும் சுவர் ஓவியங்களைத் தேடாதீங்க, அதெல்லாம் இல்லை. ஊர்க்காரர்களுக்கோ இது அம்மன் இருக்கிற இடம். செருப்போடு ஏறி நின்று போஸ் கொடுக்கிறதுக்கு முன்னால் அதை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க.

ஆவடிக்காரர்களுக்காக ஒரு ஜாலியான கணக்கு. ராணுவ டாங்க் தயாரிக்கிற தொழிற்சாலை நம்ம ஊரில் இருக்கிறது. அங்கிருந்து வண்டியை எடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் இந்தியாவின் மிகப் பழைய ஆயுதப் பட்டறைக்குப் போய்விடலாம்.

'சும்மா போயிட்டு வந்துடலாம்' என்பது வேண்டாமே

குடியம் குகைக்குப் போகிற வழி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. "நாலு பேர்தானே, ஊர்ல யாரையாச்சும் கேட்டுட்டுப் போயிடலாம்" என்கிற யோசனை நிறைய பேருக்கு வரும். கூகுள் மேப் வழிகாட்டும் என்ற நம்பிக்கையும் இருக்கும். புதர்க்காட்டில் எல்லாப் பாதையும் ஒரே மாதிரி இருக்கும். ஆடு மாடு போன தடமும் மனிதர் போன தடமும் கலந்து கிடக்கும். சிக்னல் இருக்கும் என்று சொல்ல முடியாது. கையில் இருக்கிற ஒரு பாட்டில் தண்ணீர் தீர்ந்த பிறகுதான், வந்த வழி எது என்ற சந்தேகமே வரும்.

குரங்கணியை மறந்திருக்க மாட்டீங்க. 2018, மார்ச் 11. தேனி மாவட்டத்தில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கி வந்துகொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. சம்பவ இடத்திலும் பிறகு மருத்துவமனைகளிலுமாக மொத்தம் 23 பேர் இறந்தார்கள். அதில் பலர் சென்னையிலிருந்து வார இறுதிக்கு மலை பார்க்கப் போன இளைஞர்கள். நம்மை மாதிரிதான், வாட்ஸ்அப்பில் பேசி, பேக் மாட்டிக் கிளம்பியவர்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு என்று தனியாக விதிமுறைகள் வந்தன.

இப்போது வழி சுலபமாகிவிட்டது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாநிலம் முழுக்க 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து அதில் இடம்பிடித்திருப்பது குடியம் குகைப் பாதைதான், அதுவும் எளிது பிரிவில். 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் தேதி பார்த்து, அடையாள அட்டை விவரம் கொடுத்து, பணம் கட்டினால் அனுமதியும் வழிகாட்டியும் சேர்ந்தே கிடைக்கும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால், புக் செய்யும்போது தளத்தில் காட்டுவதைப் பாருங்க. 18 வயதுக்குக் கீழே இருக்கிற தம்பி தங்கச்சியைக் கூட்டிப்போவதாக இருந்தால் பெற்றோர் சம்மதம் தேவை, அதையும் முன்கூட்டியே தயார் பண்ணிடுங்க.

"மலை ஏறக் காசா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், வழிகாட்டிகளாக வருபவர்கள் அந்தந்த மலையடிவார மக்கள், பயிற்சி பெற்றவர்கள். எந்தத் திருப்பத்தில் பாம்பு படுத்திருக்கும், எந்தப் பாறை வழுக்கும், எந்தப் பக்கம் போனால் தேனீ கலையும் என்று அவர்களுக்குத் தெரியும். இந்தக் கடைசி விஷயம் குடியத்தில் ரொம்ப முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

தலைக்கு மேலே தேன்கூடு

குடியத்தின் பெரிய கூரையில் மலைத்தேனீக்கள் கூடு கட்டும். முறம் அளவுக்கு, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத் தொங்கும். வீட்டு ஜன்னலில் கட்டுகிற குட்டித் தேனீ இல்லை இது. தொந்தரவு என்று தோன்றினால் கூட்டமாகத் துரத்தும். பாறைக் கூரைக்கு அடியில் நிற்கும்போது ஓடி ஒளிய வேறு இடமும் கிடையாது. அதனால் இங்கே கத்தி எதிரொலி கேட்கிற விளையாட்டு, ஸ்பீக்கரில் பாட்டு, கல் எறிவது, சிகரெட், கற்பூரம் எதுவும் கூடாது. பர்ஃப்யூம், வாசனை ஹேர் ஆயில் இரண்டையும் அன்றைக்கு ஒருநாள் தள்ளிவைங்க. கறுப்பு டிரெஸ்ஸைவிட வெளிர் நிறம் நல்லது. ட்ரோன் பறக்கவிடும் ஆசை இருந்தால் அதை ஆவடியிலேயே விட்டுட்டு வாங்க.

ஒருவேளை கலைந்துவிட்டால், கையை வீசி அடிக்காதீங்க. துப்பட்டாவோ துண்டோ சட்டையோ, எது இருக்கிறதோ அதால் முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு, வழிகாட்டி சொல்கிற பக்கம் வேகமாக விலகிப் போங்க. கொட்டிய இடத்தில் கொடுக்கு நின்றிருந்தால், தாமதிக்காமல் நகத்தாலோ ஏடிஎம் கார்டு விளிம்பாலோ வழித்து எடுத்துடுங்க. மூச்சுத் திணறல், உதடு வீக்கம், மயக்கம் வந்தாலோ, நிறைய இடத்தில் கொட்டியிருந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்க நேரமில்லை. 108-ஐக் கூப்பிடுங்க. பக்கத்தில் இருக்கிற பெரிய மருத்துவமனை, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஏற்கெனவே தேனீக்கடியில் அலர்ஜி ஆனவர் என்றால், இந்த ட்ரிப் உங்களுக்கு வேண்டாம்.

எப்போ, எப்படி?

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை காட்டைக் கழுவிவிட்டிருக்கும், வெயிலும் உறைக்காது. அடைமழை நாளில் மட்டும் தவிர்த்துடுங்க. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீ அபாயம் காரணமாக மலையேற்றப் பாதைகளை மூடுவது வழக்கம். மே மாதம் திருவள்ளூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அதில் முள்ளுக்காட்டில் நடப்பதற்கு நீங்க என்ன பாவம் செஞ்சீங்க?

ரயில்தான் சௌகரியம். ஆவடியிலிருந்து திருவள்ளூருக்கு மின்சார ரயில் அடிக்கடி உண்டு. பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை தாண்டி அரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அம்பத்தூர்க்காரர்களுக்கும் அதே வண்டிதான். பூந்தமல்லியிலிருந்து வருபவர்களுக்கு திருவள்ளூருக்கு நேராக பஸ் இருக்கிறது. திருவள்ளூரிலிருந்து பூண்டிக்கு பஸ் கிடைக்கும், பூண்டியிலிருந்து குடியம் கிராமம் சுமார் 10 கிலோமீட்டர். இந்தக் கடைசித் துண்டுக்குத்தான் பஸ்ஸை நம்ப முடியாது. நாலைந்து பேராகப் போனால் திருவள்ளூரிலேயே ஆட்டோவோ காரோ பேசி, திரும்ப அழைத்துவரவும் சேர்த்துப் பேசிக்கோங்க. பைக்கில் போவதாக இருந்தால் திருவள்ளூரைத் தாண்டும் முன் பெட்ரோல் போட்டுடுங்க.

கிராமத்திலிருந்து குகை வரை சில கிலோமீட்டர் நடை. செங்குத்தான ஏற்றம் பெரிதாக இல்லை, ஆனால் கூழாங்கல் உருளும். செருப்பு, க்ராக்ஸ் வேண்டாம், பிடிமானம் உள்ள ஷூ போடுங்க. முழுக்கை சட்டை, முழுக்கால் பேன்ட் இல்லாவிட்டால் முள் கையெழுத்துப் போட்டு அனுப்பும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம். ஹோட்டலை எதிர்பார்க்காமல் வீட்டிலிருந்தே எலுமிச்சை சாதமோ இட்லிப் பொடி தடவின இட்லியோ கட்டிக்கோங்க. கட்டிப்போன பிளாஸ்டிக் கவர் திரும்பவும் உங்கள் பையிலேயே வரட்டும்.

இன்னொண்ணு, இதை ரொம்ப அழுத்திச் சொல்லணும். நடக்கும்போது கூர்மையாக உடைந்த அழகான கல் கண்ணில் படலாம். 'ஆதிமனுஷன் ஆயுதம்டா' என்று பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். பாருங்க, போட்டோ எடுங்க, கிடந்த இடத்திலேயே விட்டுடுங்க. கருவி எந்த மண் அடுக்கில், எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தையே சொல்ல முடியும். 15 லட்சம் ஆண்டு என்ற அந்தக் கணக்கு வந்ததும் அப்படித்தான். உங்கள் வீட்டு ஷோகேஸுக்கு வந்துவிட்டால் அது வெறும் கல். தொல்பொருளை எடுத்துச்செல்வது சட்டப்படியும் சிக்கல்.

நாகலாபுரமா, குடியமா?

நியாயமாகச் சொன்னால் இரண்டும் வேறு வேறு ரகம். தண்ணீரில் குதிக்கணும், அருவியில் நனையணும் என்பவர்களுக்கு நாகலாபுரம் மலைதான் கனவு. ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திரா. ஆனால் அங்கே பாறைகளுக்கு நடுவே இருக்கிற குளங்களின் ஆழம் மேலே நின்று பார்த்தால் தெரியாது. நீச்சல் தெரிந்தவர்கள்கூட மூழ்கிப்போன செய்திகள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. போவதாக இருந்தால் ஆந்திர வனத்துறை அந்தச் சமயத்தில் அனுமதிக்கிறதா என்று தெரிந்துகொண்டு மட்டும் போங்க. முதல்முறை ட்ரெக்கிங் போகிறவர்கள், அம்மா அப்பாவைக் கூட்டிப்போக நினைக்கிறவர்களுக்கு என் ஓட்டு குடியத்துக்குத்தான்.

திரும்பும் வழியில் பூண்டி

குகையிலிருந்து இறங்கியதும் அப்படியே வீட்டுக்கு ஓடிடாதீங்க. பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது, 1985-லிருந்து. சின்ன இடம்தான். ஆனால் காட்டில் வெறும் கல்லாகத் தெரிந்தது இங்கே கண்ணாடிக்குள் கைக்கோடரியாக, சுரண்டியாக, பேரோடு உட்கார்ந்திருக்கும். முடிந்தால் காலையில் போகும்போதே பார்த்துவிட்டால் மலையில் உங்கள் கண் வேறு மாதிரி வேலை செய்யும். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை விடுவது வழக்கம் என்பதால் கிழமையைப் பார்த்துக்கோங்க.

பக்கத்திலேயே பூண்டி ஏரி. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த அணை. மெட்ராஸ் மேயராக இருந்து இந்தத் திட்டத்துக்காகப் பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தியின் பேரில் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். 35 அடி உயரத்துக்கு நிரம்பினால் 3.2 டி.எம்.சி.க்கு மேல் பிடிக்கும். கண்டலேறிலிருந்து கால்வாயில் வரும் கிருஷ்ணா நீரும் இங்கே வந்து சேர்ந்துதான் செம்பரம்பாக்கத்துக்கும் புழலுக்கும் போகிறது. சாயங்காலம் மலைப் பக்கம் வெயில் சாயும்போது ஏரிக்கரை நல்லா இருக்கும். தண்ணீருக்குள் இறங்க மட்டும் வேண்டாம், மதகுப் பக்கம் இழுப்பு அதிகம். இருட்டுறதுக்குள் பூண்டியிலிருந்து கிளம்பிடுங்க, அந்த ரோட்டில் விளக்கு குறைவு. திருவள்ளூர் ஸ்டேஷன் வந்துட்டா கவலையில்லை, சென்னைப் பக்கம் போகிற மின்சார ரயில் எதில் ஏறினாலும் ஆவடியில் நிற்குமா என்று மட்டும் கேட்டுக்கோங்க.